ஐம்பத்தாறு இலக்கம்

பானுப்ரியாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. கை எதையாவது சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். மேசையைத் துடைப்பாள், பேனாக்களை வரிசையாக அடுக்குவாள், சேலை மடிப்பை நீவிவிடுவாள். காட்டூரில் அவளோடு பதின்மூன்று வருஷம் குடித்தனம் நடத்திய ரங்கநாதனுக்கு அது தெரியும். வெல்டிங் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாசல் பளிச்சென்று இருந்தால், "இன்னிக்கு யாரு மேல?" என்றுதான் கேட்பார்.

ஏழு வருஷமாக அந்த வீடு பளிச்சென்றுதான் இருந்தது.

முசிறியில் ஆற்றோரம் ஒன்றரை ஏக்கரில் வாழை வைத்திருந்த நல்லுசாமியின் ஒரே மகள் அவள். நாலாம் வகுப்பு படிக்கையில் ஒரு சனிக்கிழமை தொண்ணூற்றேழு வாழைக்கன்றுகள் வந்து இறங்கின. அப்பா கயிறு பிடித்துக் குழிக்கு அடையாளம் போட்டார். எட்டு வரிசை போட்டால் ஒரு கன்று மிஞ்சியது. ஆறு வரிசை போட்டாலும் ஒன்று மிஞ்சியது. பன்னிரண்டு போட்டுப் பார்த்தார், அப்போதும் ஒன்று. "எவனோ ஒருத்தன் வம்புக்குன்னே தனியா நிக்கிறான்" என்று அவர் தலையைச் சொறிந்தார். பானு தொண்ணூற்றேழு புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டு களத்து ஓரம் உட்கார்ந்தாள். சாயங்காலம் எழுந்து வந்து, "அப்பா, இதை எப்படி வச்சாலும் சமமா வராது. கன்னு மேல தப்பில்ல, எண்ணே அப்படித்தான்" என்றாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நல்லுசாமிக்கு அது புரிந்ததோ இல்லையோ, டீக்கடையில் ஒரு மாதம் அதையே சொன்னார். "எம்பொண்ணு ஒரு நாள் கணக்குல புத்தகம் எழுதும் பாரு."

பானு புத்தகம் எழுதினாள். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் எம்.எஸ்ஸி. முடித்தாள். தென்னூரில் நல்லதம்பி சார் நடத்திய கணிதப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். நல்லதம்பி பேச்சில் வல்லவர். மேடையில் நின்றால் பெற்றோர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பாடம் எடுப்பதோடு, வகுப்புக்கு வேண்டிய கணக்குகளை உருவாக்குவதும் பானுவின் வேலை. அவள் எழுதிய வினாத்தாள்களின் தலைப்பில் அவர் பெயர் வரும். சின்ன விஷயம் என்று விட்டாள்.

பகா எண்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி தமிழில் ஒரு புத்தகம் எழுத அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பதினோரு அத்தியாயம். முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தொண்ணூற்றேழு கன்றுகள் வந்துவிடும். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த நல்லதம்பி, "நம்ம நிலையமே போடட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். 2018 ஏப்ரலில் புத்தகம் வந்தது. அட்டையில் 'கணிதச் செம்மல் நல்லதம்பி' என்று இருந்தது. உள்ளே எங்கேயும் பானுப்ரியா இல்லை. முதல் அத்தியாயத்தில் 'என் தந்தையாரின் வாழைத்தோட்டத்தில்' என்று அப்படியே அச்சாகியிருந்தது. நல்லதம்பியின் தந்தையார் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தவர்.

அப்போது நல்லுசாமி சிறுநீரகம் கெட்டு முசிறி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். புத்தகம் வந்துவிட்டதென்று யாரோ சொல்லி, கேட்டுக்கொண்டே இருந்தார். மறைக்க முடியாமல் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் ஆனது.

"உன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு பாப்பா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"அடுத்த பதிப்புல போடுவாங்கப்பா."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி இறந்துபோனார். அம்மா வெள்ளையம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, "இதையும் அவரோட வச்சு அனுப்பலாமாடி?" என்று கேட்டாள். பானு அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். "வேணாம்மா. வேற ஒருத்தன் பேரு அப்பா கூடப் போக வேணாம்."

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நேரே நல்லதம்பியின் அறைக்குப் போனாள். "சார், புத்தகத்துல என் பேரு ஒரு மூலையிலயாவது இருந்திருக்கலாம்."

நல்லதம்பி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அட, பேர்ல என்னம்மா இருக்கு? ஒன்னு, ரெண்டு, மூணெல்லாம் நீ கண்டுபிடிச்சியா, நான் கண்டுபிடிச்சேனா? என் பேரு இருந்தா நாலு பேரு வாங்குவான். முசிறி பானுப்ரியான்னு போட்டா யாரு வாங்குவா, சொல்லு."

பானு மேசைமேல் கலைந்து கிடந்த காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ரங்கநாதன் வேலையை விடச் சொன்னார். "அந்தாளு மூஞ்சியில முழிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு?"

"விட்டுட்டா தூரத்துல இருந்து திட்டத்தான் முடியும்ங்க" என்றாள் பானு. "கிட்ட இருந்தாத்தான் கை எட்டும்."

கை எட்டும் நாளுக்காக ஆறு வருஷம் காத்திருந்தாள். அந்த ஆறு வருஷமும் அவர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேதான் இருந்தார். அலமாரியில் அவள் குறிப்பேடு இருக்கும். அவள் வகுப்பில் இருக்கும்போது வந்து பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். மறுவாரம் அது 'நல்லதம்பி சாரின் புதிர்' என்று வாட்ஸப்பில் சுற்றும். அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. விடையைப் பார்ப்பார், வழியைப் படிக்கமாட்டார். தன் பெயரில் வந்த புத்தகத்தைக்கூட அவர் முதல் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் திறக்கவில்லை என்பது தெரிந்த அன்று, சாப்பாட்டு இடைவேளையில் அவள் தனியாக ஒரு லட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

2024 கடைசியில் நல்லதம்பி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் நிலையத்துக்குச் சொந்தமாக மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினார். வாசலில் ஆளுயரக் கருங்கல் பலகை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. "எல்லாரும் திருக்குறள் வைப்பான். நாம ஒரு பெரிய பகா எண்ணை வெட்டி வைப்போம். இதுவரைக்கும் யாரும் எழுதாத எண். கீழ 'கண்டறிந்தவர்'னு நம்ம பேரு." ஆசிரியர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு அவர் பானுவைப் பார்க்கவில்லை. கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அன்று பஸ்ஸில் காட்டூர் வரும்வரை அவள் வாய் தானாக ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஏழை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்று குறைத்தால் ஆறு. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் அறுபத்து நான்கு. அதை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான் மீதி ஒன்று வரும். இரண்டுக்குப் பதில் மூன்றோ ஐந்தோ வைத்தாலும் அப்படியே. மீதி வேறு ஏதாவது வந்தால் அது பகு எண், இன்னும் சிறிய எண்களாகப் பிரியக்கூடியது. நிலையத்தின் கணினியில் இந்தச் சோதனையைச் செய்ய ஒரு ப்ரோகிராமைப் பானுவே முன்பு எழுதி வைத்திருந்தாள்.

ஆனால் இந்தச் சோதனையை ஏமாற்றும் எண்கள் உண்டு. அவை பகு எண்கள்தான். இருந்தாலும் இரண்டை வைத்தாலும் மூன்றை வைத்தாலும் ஐந்தை வைத்தாலும், தம் காரணிகளில் ஒன்றை வைத்தாலொழிய, கூசாமல் மீதி ஒன்றையே காட்டும். கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவற்றைச் செய்வதற்கு எண்பது வருஷத்துக்கு மேல் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஏதாவது ஓர் எண்ணின் ஆறு மடங்கு, பன்னிரண்டு மடங்கு, பதினெட்டு மடங்கு ஆகிய மூன்றோடும் ஒவ்வொன்று கூட்ட வேண்டும். வரும் மூன்றும் பகா எண்களாக அமைந்துவிட்டால், மூன்றையும் பெருக்கினால் வருவது அப்படிப்பட்ட வேஷக்காரன். ஒன்றில் தொடங்கினால் ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது. பெருக்கினால் 1729.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரங்கநாதன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில், பானு மடிக்கணினியைத் திறந்தாள். 23092018 என்று அடித்தாள். அப்பா இறந்த தேதி. அதன் பின்னால் பத்துச் சுழியங்கள் போட்டாள். அந்தப் பதினெட்டு இலக்க எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, மூன்றும் பகா எண்களாக அமைகிற இடத்தைத் தேடச் சொன்னாள். சில ஆயிரம் படிகள் ஏற வேண்டியிருந்தது. கணினிக்கு அது ஒரு தும்மல் நேரம். பத்தொன்பது இலக்கத்தில் மூன்று பகா எண்கள் வந்து நின்றன. பெருக்கினாள். ஐம்பத்தாறு இலக்கம்.

கொஞ்சம் தேர்ந்த சோதனை எதைச் செய்தாலும் அந்த எண்ணின் சாயம் நொடியில் வெளுத்துவிடும். ஓர் இணையதளத்தில் போட்டால் போதும், மூன்று காரணிகளும் வந்துவிடும். நல்லதம்பி போடமாட்டார் என்பதில்தான் அவள் எல்லாவற்றையும் வைத்தாள்.

குறிப்பேட்டில் புதிய பக்கம் திருப்பி எண்ணை எழுதினாள். அதன் கீழே, '2, 3, 5, 7 தொடங்கி ஐம்பது எண்களைக் கொண்டு சோதித்தாயிற்று. ஐம்பதிலும் மீதி ஒன்று' என்று எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பகா எண் என்று எங்கேயும் எழுதவில்லை.

நாலு நாளில் எடுத்துவிட்டார்.

ப்ரோகிராமில் போட்டுச் சரிபார்க்கும் வேலை கனிஷ்காவுக்கு வந்தது. கனிஷ்கா நிலையத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷமான சின்ன ஆசிரியை. பானுவை 'அக்கா, அக்கா' என்று சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, சார் ஒரு எண்ணு குடுத்தாரு. போட்டுப் பாத்தேன், எல்லாத்துக்கும் ஒன்னுன்னுதான் வருது. பகா எண்ணுன்னு எழுதிக் குடுத்துடவா?"

பானு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மை பட்ட விரலைத் துணியில் துடைத்தாள். "ப்ரோகிராம் என்ன காட்டுதோ அதை எழுதிக் குடு."

"அப்ப சரிக்கா."

அந்த இடத்தில் அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பலகையில் இலக்கம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நல்லதம்பி பானுவையே அனுப்பினார். "நீதான்மா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்ப." திருவானைக்காவலில் பெஞ்சமின் என்பவரின் கல் பட்டறை. பலகை இரண்டு மரக்கட்டைகள் மேல் படுத்திருந்தது. பானு முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். முப்பத்தொன்றாவது இலக்கத்தில் விரல் நின்றது.

"அண்ணே, இது எட்டு. நீங்க மூணு வெட்டியிருக்கீங்க."

பெஞ்சமின் குனிந்து பார்த்தார். "அய்யய்யோ. ஆமாங்க டீச்சர். இத்தனை நம்பர்ல ஒன்னை யாரு பாக்கப் போறா?"

"ஒன்னு மாறினாலும் இது வேற எண்ணுண்ணே. மூணை எட்டாக்கிடலாம்ல?"

"அது ஆக்கிடலாம். நல்லவேளை, எட்டை மூணாக்கச் சொல்லல." அவர் உளியை எடுத்தார்.

கல் வெட்டும்போது நேர்ந்த பிசகு என்று பின்னால் நல்லதம்பி சாக்குச் சொல்லிவிடக் கூடாது. எட்டு முழுசாக வெட்டி முடியும்வரை பானு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தூசியை ஊதிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஐம்பத்தாறையும் படித்தாள். அப்பாவுக்குச் செய்கிற வேலை. அதில் குறை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை திறப்பு விழா. பெற்றோர்கள், மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். சிறப்பு விருந்தினராக ரங்கநாயகி அம்மாள் வந்திருந்தார். கல்லூரியில் முப்பது வருஷம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்திலேயே இருப்பவர். பலகையின் பட்டுத்துணியை அவரே விலக்கினார். பிறகு எல்லோரும் மேல்மாடி அரங்கில் உட்கார்ந்தார்கள். திரையில் எண் பெரிதாக ஒளிர்ந்தது. நல்லதம்பி அரை மணி நேரம் பேசினார். எத்தனை இரவு தூங்காமல் இதைத் தேடினார் என்று சொன்னார். கைதட்டல் எழுந்தது.

பானு நாலாவது வரிசையில் இருந்தாள். அவள் திட்டத்தில் அவளுடைய முகம் எங்கேயும் இல்லை. பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டை, கேள்விச் சீட்டுகளோடு சேர்த்து மேடைக்கு அனுப்பிவிட்டாள். அதில் பத்தொன்பது இலக்கத்தில் மூன்று எண்களும், 'இவற்றைப் பெருக்கிப் பார்க்கவும்' என்ற ஒரு வரியும் மட்டும்.

ரங்கநாயகி அம்மாள் சீட்டைப் படித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி படித்தார். "கம்ப்யூட்டர்ல யாரு இருக்கீங்க? இந்த மூணையும் பெருக்கித் திரையில போடுங்கோ" என்றார்.

கம்ப்யூட்டரில் இருந்தது கனிஷ்கா. அவள் அடித்தாள். விடை திரையில், மேலே இருந்த எண்ணுக்கு நேர் கீழே வந்து விழுந்தது. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முன்வரிசை மாணவர்கள் மேலும் கீழுமாக இலக்கங்களை ஒப்பிட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். ஐம்பத்தாறும் ஒத்துப்போனது.

"இது பகா எண் இல்லையே நல்லதம்பி" என்றார் ரங்கநாயகி அம்மாள், மைக் அணையாமல் இருக்கையிலேயே. "மூணாப் பிரியறதே."

அரங்கில் சிரிப்பு ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தது. பத்திரிகைக்காரர் எழுந்து திரையைப் படம் எடுத்தார். நல்லதம்பியின் கழுத்தில் வியர்வை வழிவதைப் பானு பார்த்தாள். அப்பா எச்சில் தொட்டுப் புரட்டிய ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சொட்டு என்று மனதுக்குள் எண்ணினாள். இனிப்பாகத்தான் இருந்தது.

நல்லதம்பி மைக்கைப் பிடுங்கினார். "இது... இது என் தப்பு இல்லீங்க. சரிபாக்கச் சொல்லி இந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தேன். பகா எண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு. கனிஷ்கா, எழுந்திரு. இப்படி வா. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு!"

கனிஷ்கா எழுந்து நின்றாள். வாய் கோணியது. பெற்றோர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ, "இப்படிப்பட்டவங்கதான் நம்ம புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறாங்களா?" என்றார்கள்.

பானு இதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஆறு வருஷம் அந்த மனிதரின் ஒவ்வொரு அசைவையும் படித்தவள், அவர் முதலில் யார் தலையில் கையை வைப்பார் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் வேலை தங்கும், ரகசியம் தங்கும். அவள் எழுந்து, சேலையை நீவிவிட்டு, மேடைக்கு நடந்தாள்.

"அவ உட்காரட்டும் சார். எண்ணு என்னோடது."

"என்னம்மா சொல்ற?"

"என் நோட்டுல இருந்து நீங்க எடுத்தது. செஞ்சது நான். பகா எண்ணுன்னு நான் எங்கயும் எழுதல. கனிஷ்கா போட்ட சோதனையில தப்பில்ல, ஆனா இந்த மாதிரி எண்ணை அதால பிடிக்க முடியாது. அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும் சார். உங்க புத்தகத்துலயே இருக்கு."

நல்லதம்பி விழித்தார்.

"ஒன்பதாவது அத்தியாயம். இந்த எண்ணு எப்படிச் செய்யறது, எப்படிக் கண்டுபிடிக்கறது, எல்லாம் பன்னிரண்டு பக்கத்துக்கு இருக்கு. நீங்க எழுதினதுதானே? அதுல என்ன இருக்குன்னு இவங்களுக்கு ரெண்டே வரி சொல்லுங்க சார். நான் போயிடறேன்."

நல்லதம்பி தண்ணீர் டம்ளரை எடுத்தார், வைத்தார். ரங்கநாயகி அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பானு காத்திருந்தாள். அவசரமே படவில்லை. ஒரு நிமிஷம் முழுசாகப் போனது. அவ்வளவு நீளமான நிமிஷத்தை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"தலைவலிக்குது" என்று சொல்லிவிட்டு நல்லதம்பி மேடையை விட்டு இறங்கினார்.

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. பலகைமேல் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் ஏறியது. போலீசுக்குப் போவேன் என்று நல்லதம்பி மிரட்டினார். எதற்கென்று புகார் எழுதுவது என்று வக்கீலுக்குத் தெரியவில்லை. பானுவுக்கு வேலை போனது. அது அவள் எதிர்பார்த்ததுதான்.

மூன்றாவது வாரம் அவர் காட்டூர் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். "பாதிப் பிள்ளைங்க டிசி வாங்காத குறையா ஓடுதும்மா. புத்தகத்தை மறுபடி போடறேன். உன் பேரு மட்டும். அட்டையில, பெருசா. ரெண்டு பேரும் சேர்ந்து மாணவர்களுக்கு வச்ச பரீட்சைதான் அந்த எண்ணுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

ரங்கநாதன் பானுவின் முகத்தைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"2018 செப்டம்பருக்கு முன்னாடி வந்து இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, உங்க காலைக் கழுவியிருப்பேன் சார். இப்ப அதைக் கொண்டுபோய் நான் யாருகிட்ட காட்டறது?"

"மன்னிக்கக் கூடாதாம்மா?"

"கூடாது" என்றாள். "போயிட்டு வாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே வந்ததும் ரங்கநாதன், "ஆறிடுச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லங்க. ஆனா நல்லா இருக்கு" என்றாள்.

கனிஷ்காவும் வேலையை விட்டுவிட்டாள். மேடையில் தன்னைக் காப்பாற்றிய அக்காவுக்கு அவள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பானு அவளைப் பார்த்தாள். காட்டூரில் ஒரு பள்ளியில் அப்போதுதான் பானுவுக்கு வேலை கிடைத்திருந்தது.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கணும்" என்றாள் கனிஷ்கா. "நான் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்ல, அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சே என்னை எழுதிக் குடுக்கச் சொன்னீங்க."

"ஆமா கனி. சொன்னேன்."

கனிஷ்கா தலையை ஆட்டிக்கொண்டாள். ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். பஸ் நகரும்வரை பானு அங்கேயே நின்றாள். நல்லதம்பிக்குச் செய்ததை இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் கூட்டம் அதிகமாக இருந்தது. காட்டூர்வரை நின்றுகொண்டே போனாள்.